கிளட்டன் பிரியாணி, இலஞ்சி விலக்கு

இருபது வருஷமாக ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறவள் சுகந்தி. தென்காசியில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் அவள் இங்கிலீஷ் டீச்சர். பாஸ்போர்ட் ஆபீஸிலிருந்து வந்த மெயிலோ, யார் வீட்டு மகனாவது துபாயில் கையெழுத்துப் போடப்போகும் காகிதமோ, தெருவில் யாருக்கு இங்கிலீஷில் எது வந்தாலும் அவள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். அப்படிப்பட்டவளின் புருஷன் மணிமுத்து, தன் புதுக் கடைக்கு இங்கிலீஷில் பெயர் வைத்தபோது மட்டும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேட்காமல் விட்டதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். வைத்த பெயரைத்தான் பொறுக்க முடியவில்லை.

மணிமுத்து பல வருஷமாகச் செங்கோட்டையிலிருந்து புனலூருக்குக் காய்கறி லோடு அடித்தவன். முதுகு போய்விட்டது என்று வண்டியை விற்றுவிட்டு, குற்றால சீசனுக்குள் பிரியாணிக் கடை திறந்தே தீருவேன் என்று இறங்கியிருந்தான். தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில், இலஞ்சி விலக்கில், அவன் அப்பா நல்லகண்ணுவின் வயலை ஒட்டி இடம் இருந்தது. அருவிக்குப் போகிற கார் எல்லாம் அந்த வழியாகத்தான் போயாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கடைத் திறப்பு. புதன்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு, சாரலில் நனைந்துகொண்டே ஸ்கூட்டியில் அந்தப் பக்கம் போன சுகந்தி, கடை நெற்றியில் கட்டியிருந்த ஃபிளெக்ஸைப் பார்த்தாள். பார்த்தவள் பிரேக்கைப் பிடித்த பிடியில், பின்னால் வந்த ஆட்டோக்காரன் அவளுடைய ஏழு தலைமுறையையும் விசாரித்துவிட்டுப் போனான்.

சிவப்பு எழுத்தில், இங்கிலீஷில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை, ‘கிளட்டன் பிரியாணி’ என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே அவள் மகள் நிவேதாவின் படம். சிவகிரியில் சித்தி மகன் கல்யாணப் பந்தியில் எடுத்தது. வாய் நிறையச் சோறு, கன்னம் உப்பியிருக்கிறது, கண் மூடிச் சிரிக்கிறாள். அன்றைக்குக் கையில் இருந்தது அப்பளம். அதை எடுத்துவிட்டு ஒரு பெரிய லெக் பீஸை ஒட்டி வைத்திருந்தார்கள்.

நம் ஊரில் பிள்ளைகள் படத்தை ஃபிளெக்ஸில் போடாத விசேஷம் ஏது? காதுகுத்துக்குப் போடுகிறோம், சடங்குக்குப் போடுகிறோம், பத்தாம் வகுப்பு பாஸானால் போடுகிறோம். அதெல்லாம் சரி. ஆனால் ‘அளவு தெரியாமல் தின்கிறவள்’ என்று தலைக்கு மேலே எழுதி, அதற்கடியில் பெற்ற மகளை நிறுத்தி, குற்றாலத்துக்கு வருகிற உலகம் முழுவதும் பார்க்கும்படி எந்தத் தகப்பன் கட்டுவான்?

நிவேதா பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள், தென்காசியிலேயே வேறொரு தனியார் பள்ளியில். கொஞ்சம் பூசின உடம்பு. சின்னதிலிருந்தே அப்படித்தான். சொந்தக்காரர்கள் வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே, “என்ன டீச்சர், பிள்ளைக்குச் சோத்தைக் கொறைக்கக் கூடாதா?” என்று ஆரம்பித்துவிடுவார்கள். கேட்ட வாய்க்கே ரெண்டு முறுக்கைக் கொடுத்து அடைப்பாள் சுகந்தி. மனசுக்குள் அவர்களை வறுத்தெடுப்பாள். அந்தப் பேச்சு மகள் காதில் விழக்கூடாது என்று இத்தனை வருஷம் அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். இப்போது புருஷன் அதையே பத்தடிக்கு ஆறடியில் அடித்துத் தொங்கவிட்டிருந்தான்.

அன்று ராத்திரி, நிவேதா உள்ளறையில் படித்துக்கொண்டிருந்தபோது, அடுக்களைக் கதவைச் சாத்திவிட்டு ஆரம்பித்தாள்.

“ஏங்க, அந்த போர்டைக் கழட்டச் சொல்லுங்க.”

“எதுக்கு? நல்லாத்தான இருக்கு. பாப்பா மொகம் எப்படி லட்சணமா விழுந்திருக்கு பாத்தியா?”

“அதுல போட்டிருக்க பேருக்கு என்ன அர்த்தம்னு தெரியுமா ஒங்களுக்கு?”

“தெரியாமலா வப்பேன்? நல்லா ரசிச்சு சாப்பிடுதவங்கன்னு அர்த்தம்.”

“யாரு சொன்னா?”

“வெவரம் தெரிஞ்சவங்க சொன்னாங்க.” மணிமுத்து மீசைக்குள் சிரித்தான். “யாருன்னு ஞாயித்துக்கிழமை ஒனக்கே தெரியும்.”

வீட்டில் இருக்கிற விவரம் தெரிந்தவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இப்படிச் சொன்னால் எவளுக்குத்தான் பற்றிக்கொண்டு வராது? ஆனாலும் குரலை உயர்த்தவில்லை. வகுப்பில் மந்தமான பையனுக்குச் சொல்லுகிற மாதிரி, அந்த வார்த்தையை வேரோடு பிடுங்கிக் காட்டினாள். அது லத்தீனில் பிறந்தது. விழுங்குவது என்று பொருள். தொண்டைக்கு லத்தீன்காரன் வைத்திருந்த பெயரும் இதோடு சொந்தம்தான். பிரெஞ்சுக்காரன் வழியாக இங்கிலீஷுக்கு வந்தது. எந்தக் காலத்திலும், எந்த தேசத்திலும் அதை யாரும் நல்ல விதமாகச் சொன்னது கிடையாது.

“கவனிச்சிக்கிடுங்க. நாக்கு இல்ல, தொண்டை. ருசி பாக்காம உள்ள தள்ளுதவன்னு அர்த்தம். ரசிக்கதுக்கும் அதுக்கும் சம்பந்தமே கெடையாது.”

“பிரியாணி தொண்டைல எறங்காம பின்ன எங்கன எறங்கும்?” என்றான் மணிமுத்து.

“தமிழ்ல தீனிப்பண்டாரம்னு சொல்லுதோம்லா, அது. எம்பிள்ளை தலைக்கு மேல தீனிப்பண்டாரம்னு எழுதி வச்சிருக்கிய!”

“மெதுவாப் பேசு, பாப்பா படிக்கா. சாப்பாட்டு ராமன்னுகூடத்தான் சொல்லுதோம். அது என்ன திட்டா? பிரியமாச் சொல்லுததுதான? நீ பள்ளிக்கூடத்துல செவப்பு மையை வச்சிக்கிட்டுத் தப்புக் கண்டுபிடிச்சிப் பழகிட்டே. வீட்டுலயும் அதையே பண்ணுதே.”

சொல்லிவிட்டு அவன் தூங்கப் போய்விட்டான். சுகந்திக்குத் தூக்கம் எங்கே வரும்? இவனுக்கு அர்த்தம் சொன்ன அந்த அறிவாளி யார் என்று யோசித்துப் பார்த்தாள். கடைசியில் ஃபிளெக்ஸ் அடித்த ஏசுதாசன்தான் என்று முடிவு கட்டினாள். மறுநாள் மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டு அவன் கடைக்குப் போனாள்.

ஏசுதாசன் தென்காசி முழுவதற்கும் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் போர்டு அடிக்கிறவன். கம்ப்யூட்டரில் யாரோ ஒரு மாப்பிள்ளைக்கு கோட் சூட் மாட்டிக்கொண்டிருந்தான்.

“ஏசுதாசா, எங்க வீட்டுக்காரருக்கு அந்தப் பேரைச் சொன்னது நீதான?”

“ஐயோ டீச்சர், நான் அடிக்கவன்தான். அர்த்தம் பாத்து அடிச்சா கடையப் பூட்டிட்டுப் போவேண்டியதுதான். அண்ணாச்சியே எழுதிக் கொண்டாந்தாவ.”

“அது எவ்வளவு மோசமான வார்த்தை தெரியுமா? ஒங்க கோயில்ல ஏழு பெரும் பாவம்னு சொல்லிக்குடுப்பாங்கள்லா, அதுல ஒண்ணுப்பா இது!”

ஏசுதாசன் மவுஸை விட்டுவிட்டு விரலை மடக்கி எண்ணினான். சின்ன வயதில் மனப்பாடம் செய்தது போலிருக்கிறது. “அகங்காரம், கோபம், மோகம்...” என்று போய் அவன் முகம் தெளிந்தது. “ஆமா டீச்சர், இருக்கு. போசனப்பிரியம். ஆனா பிரியம்னுதான சொல்லிக்குடுத்தாங்க? பிரியம்னு ஆனப்பொறவு அதுல என்ன தப்பு வந்திரப் போவுது?”

பாவப் பட்டியலை மொழிபெயர்த்த புண்ணியவானைக் கையில் கிடைத்தால் கடித்துத் துப்பியிருப்பாள் சுகந்தி.

“சரி, பேரு கெடக்கட்டும். படத்தையாவது எடுத்துட்டு வேற அடிச்சித் தா.”

“அது முடியாது டீச்சர். அண்ணாச்சி ஒரே வார்த்தைதான் சொன்னாவ. எழுத்து சின்னதாப் போனாலும் பரவாயில்ல, எம்மவ மொகம் பெரிசா இருக்கணும்னு. எவ்வளவு ஆசையாச் சொன்னாவ தெரியுமா?”

ஆசை! அந்த ஆசைதான் அவளைக் கொன்றது. கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால் நாலு வார்த்தை கேட்டு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளச் செய்யலாம். உள்ளங்கையில் வைத்துத் தாங்குகிற மகளுக்கு ஆசை ஆசையாக ஒருவன் அவமானத்தைக் கட்டித் தொங்கவிட்டால் அவனை என்ன செய்ய முடியும்?

வெள்ளிக்கிழமை மறுபடியும் அடுக்களைக் கதவைச் சாத்தினாள். இந்தத் தடவை வேறு வழியில் போனாள்.

“பனி பெய்யிற தேசத்துல ஒரு மிருகம் இருக்கு. கரடிக்குட்டி கணக்கா இருக்கும். கண்ணுல பட்டதையெல்லாம் திங்கும். செத்துக் கெடக்கதைக்கூட விடாது. அதுக்கு இங்கிலீஷ்காரன் வச்ச பேரும் இதுதான். பிள்ளைய மிருகம்னு சொல்லலாமா?”

“கரடிக்குட்டி கணக்காவா?” மணிமுத்துவின் முகம் மலர்ந்துவிட்டது. “மொதல்லயே சொல்லிருக்கக் கூடாதா நீ? அதையும் ஒரு ஓரத்துல போட்டிருக்கலாம். வாற பிள்ளைங்களுக்குப் பிடிக்கும்லா.”

சுகந்தி தலையில் அடித்துக்கொண்டாள். நிஜமாகவே அடித்துக்கொண்டாள், வளையல் நெளிகிற அளவுக்கு. அந்த வார்த்தைக்கு இன்னொரு உபயோகமும் இங்கிலீஷில் உண்டு. எத்தனை குத்து வாங்கினாலும் போதும் என்று சொல்லாமல், மறுபடி மறுபடி எழுந்து வந்து நிற்கிற குத்துச்சண்டைக்காரனை அந்தக் காலத்தில் அப்படித்தான் சொன்னார்கள். உதைக்கு அலைகிறவன் என்று வைத்துக்கொள்ளுங்களேன். அந்த அர்த்தத்தில் பார்த்தால் அந்த போர்டில் போட வேண்டிய படம் தன்னுடையதுதான் என்று அவளுக்குத் தோன்றியது. சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது.

சனிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லை. கடைக்கே போனாள். செங்கோட்டையிலிருந்து வந்திருந்த பிரியாணி மாஸ்டர் யாசர், வெள்ளோட்டமாக ஒரு சின்ன அண்டா ஏற்றி, மூடிமேல் அடுப்புக் கங்குகளை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் சொன்னால் மணிமுத்து கேட்பான். இந்த ஒரு மாதமாக யாசர் கிழித்த கோட்டை அவன் தாண்டியதில்லை.

“யாசர் பாய், நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க. பேரு சரியில்லன்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும்.”

யாசர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “பேரை யாரு டீச்சர் திங்கா? அரிசி உடையாம வந்திருக்கான்னு பாருங்க, அதைச் சொல்லுங்க” என்று ஒரு கரண்டி எடுத்து நீட்டினார்.

அரிசி உடையாமல்தான் வந்திருந்தது. அதற்காகவும் சுகந்திக்குக் கோபம் வந்தது.

இனி மிச்சம் இருந்தது நிவேதாதான். அவள் ஒரு வார்த்தை, ‘எனக்குப் பிடிக்கலப்பா’ என்று சொன்னால் போதும், மணிமுத்து அந்த நிமிஷமே ஏணியைத் தேடுவான். ஆனால் ஏன் பிடிக்க வேண்டாம் என்று மகளுக்குச் சொல்லாமல் அதை எப்படிச் சொல்ல வைப்பது? அந்த வார்த்தையின் அர்த்தத்தைத் தன் வாயாலேயே மகளுக்குச் சொல்வதைவிட நாக்கை அறுத்துக்கொள்ளலாம் போலிருந்தது சுகந்திக்கு. சாயங்காலம் மகளுக்குத் தலை பின்னிவிடும்போது, போகிற போக்கில் கேட்கிற மாதிரி கேட்டாள்.

“ஏட்டி, ஒம்படத்தை இப்படி ரோட்டுல போட்டிருக்காரே அப்பா, ஒனக்குப் பிடிச்சிருக்கா? கூச்சமா இருந்தாச் சொல்லு. நான் சொன்னாத்தான் கேக்கமாட்டாரு, நீ சொன்னா ஒடனே கழட்டிருவாரு.”

“அப்பா ஆசையா வச்சிருக்காங்கள்லா. இருக்கட்டும்மா.”

“ஆசை இருக்கட்டும்டி. ஒனக்கு எப்படி இருக்கு?”

“எனக்கு ஒண்ணும் இல்லம்மா. சீக்கிரம் பின்னு, படிக்கணும்.”

குனிந்த தலை நிமிரவில்லை. இவளும் அப்பன் கட்சி என்று நினைத்துக்கொண்டு சுகந்தி ரிப்பனை இழுத்துக் கட்டினாள். கொஞ்சம் அழுத்தமாகவே கட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து சாரல் விடவே இல்லை. அது நல்ல சகுனம் என்றார்கள், அருவியில் தண்ணீர் கொட்டினால்தானே கடைக்குக் கூட்டம் வரும். வாசுதேவநல்லூரிலிருந்தும் சிவகிரியிலிருந்தும் சொந்தக்காரர்கள் வேனில் வந்து இறங்கினார்கள். நல்லகண்ணு வெள்ளை வேட்டி, துண்டு சகிதம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். மைக் செட்டுக்காரன் பாட்டைப் போட்டு ரோட்டையே அதிரவைத்துக்கொண்டிருந்தான். நிவேதா பாவாடை தாவணியில், தன் தலைக்கு மேலே தன் முகம் பெரிதாகச் சிரித்துக்கொண்டிருக்க, வந்தவர்களுக்குச் சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

ரிப்பன் வெட்டுகிற நேரத்தில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. நாலு பெண் பிள்ளைகள் இறங்கினார்கள். நிவேதா வயதுதான் இருக்கும். ஒருத்தி போர்டைப் பார்த்துவிட்டு இன்னொருத்தியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

“வாங்க வாங்க! பாப்பா, இங்க பாரு யாரு வந்திருக்கான்னு. ஒங்கூட்டாளிங்கள்லாம் வந்தாச்சு!” என்று மணிமுத்து ஓடினான். “பள்ளிக்கூட வாசல்லயே போயி நாந்தான் கூப்பிட்டேன். ஒனக்குத் தெரியக்கூடாதுன்னு சொல்லி வச்சிருந்தேன்.”

நிவேதாவின் கையிலிருந்த சந்தனக் கிண்ணம் சாய்ந்து தாவணியில் கொட்டியது. துடைக்கவில்லை. அந்தப் பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்தாள், அது சிரிப்பே இல்லை.

மணிமுத்து மைக்கைப் பிடித்தான். அவன் வாழ்நாளில் மைக் பிடித்தது அதுதான் முதல் தடவை.

“எல்லாத்துக்கும் வணக்கம். எனக்குப் பேசத் தெரியாது, வண்டி ஓட்டத்தான் தெரியும். இந்தப் பேரை எங்க பிடிச்சேன்னு எல்லாரும் கேக்கிய. எம்பொண்டாட்டி இங்கிலீஷ் டீச்சரு, அவளுக்கே தெரியாதுன்னா பாத்துக்கிடுங்களேன். வண்டியை வித்த பொறவு எம்மவளை டெய்லி பள்ளிக்கூட வாசல்ல நாந்தான் பைக்ல கொண்டு எறக்கி விடுதேன். எறங்குன ஒடனே இந்தா நிக்காங்களே, இந்தப் பிள்ளைங்க, தூரத்துல வரும்போதே ‘ஏ கிளட்டன், கிளட்டன்’னு கூப்பிட்டுக்கிட்டு வரும். அத்தனையும் சிரிக்கும். நானும் கையைக் காட்டிட்டு வருவேன். ஒரு நா பாப்பாட்ட கேட்டேன், அது என்னம்மா பேருன்னு. நல்லா ரசிச்சு சாப்பிடுதவங்களைப் பிரியமா அப்படிச் சொல்லுவாங்கப்பான்னா. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். கடைன்னு ஒண்ணு வச்சா எம்மவ பேருதான். வீட்டுல வச்ச பேரு இல்ல, அவ கூட்டாளிங்க ஆசையா வச்ச பேரு.”

கூட்டம் கைதட்டியது.

சுகந்தி அந்தப் பிள்ளைகள் பக்கம் திரும்பினாள். ஒருத்தி துப்பட்டாவை வாய்க்குள் திணித்துக்கொண்டிருந்தாள். ஒருத்தி போனைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டிருந்தாள், சிரிப்பில் கை குலுங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சிரிப்பை சுகந்திக்குத் தெரியும். இருபது வருஷமாகக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது முதுகுக்குப் பின்னால் கேட்டுத் திரும்பிப் பார்த்து, எந்தப் பிள்ளையை வைத்துச் சிரிக்கிறார்கள் என்று தேடியிருக்கிறாள். எத்தனையோ பேரின் பிள்ளையைக் கண்டுபிடித்துத் தேற்றியிருக்கிறாள். தன் வீட்டில் இருந்த பிள்ளையைத்தான் கண்டுபிடிக்கவில்லை.

‘வெவரம் தெரிஞ்சவங்க’ யார் என்று இப்போது தெரிந்தது. அந்த வார்த்தை மகள் காதில் விழாமல் காக்க வேண்டும் என்று அடுக்களைக் கதவைச் சாத்திச் சாத்திக் குசுகுசுத்தாளே, அதை நிவேதா தினமும் காலையில் பள்ளிக்கூட வாசலில் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறாள். வாங்கிக்கொண்டு, அப்பா மனசு நோகக்கூடாது என்று அதற்கு ஒரு நல்ல அர்த்தத்தையும் செய்து கொடுத்திருக்கிறாள்.

“நீயே சொல்லு பாப்பா, அர்த்தத்தை” என்று மணிமுத்து மைக்கை நிவேதாவிடம் நீட்டினான்.

நிவேதா வாங்கினாள். “நல்லா ரசிச்சு சாப்பிடுறவங்க” என்றாள். குரல் நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால்கூட சுகந்திக்கு இவ்வளவு வலித்திருக்காது.

“எங்க டீச்சரம்மா நாலு நாளா வேற என்னமோ சொல்லிக்கிட்டிருந்தாவ. இப்பம் சொல்லட்டும், எம்மவ சொன்னது சரியா தப்பான்னு!”

எல்லாரும் சிரித்தார்கள். மைக் சுகந்தியின் கைக்கு வந்தது. லத்தீன், தொண்டை, பாவம், மிருகம் என்று எல்லாம் நாக்கு நுனியில் நின்றது. நாலு நாளாக ஒருவரும் காது கொடுத்துக் கேட்காததை இப்போது அறுபது பேர் கேட்கக் காத்திருந்தார்கள். நிவேதா தாவணியில் கொட்டிய சந்தனத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் காதுமடல் சிவந்திருந்தது.

“அவ சொன்னது சரி” என்றாள் சுகந்தி. “ரொம்பச் சரி.”

மணிமுத்து குழந்தை மாதிரிக் கைதட்டினான்.

பந்திக்கு ஆட்கள் உட்காரத் தொடங்கியதும் சுகந்தி நேராக அந்தப் பிள்ளைகளிடம் போனாள். போன் வைத்திருந்தவள் முன்னால் கையை நீட்டினாள். டீச்சர் என்றால் எந்தப் பள்ளிக்கூடத்து டீச்சரானாலும் பிள்ளைகளுக்குத் தெரியும்போல. அவள் தானாகவே கொடுத்துவிட்டாள். பிடித்த படத்தை அழித்துவிட்டு போனைத் திருப்பிக் கொடுத்தாள் சுகந்தி.

“இனி அந்தப் பேரு எங்காதுல விழுந்துச்சு, ஒங்க நாலு பேரு வீட்டுக்கும் வருவேன். இப்பம் ஒக்காந்து சாப்பிட்டுட்டுப் போங்க.”

நாலு பேரும் உட்கார்ந்தார்கள். ஒருத்திக்கும் சோறு இறங்கவில்லை.

பிறகு யாசரிடம் போய்க் கறி வெட்டுகிற கத்தியை எடுத்தாள். “என்ன டீச்சர்?” என்று அவர் கேட்பதற்குள் வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறினாள். ஃபிளெக்ஸ் கட்டியிருந்த கயிற்றை ஒவ்வொன்றாக அறுத்தாள். கடைசிக் கயிறு அறுந்ததும் போர்டு அப்படியே சரிந்து, ஈரத் தரையில் நிவேதாவின் முகம் மேலே பார்க்க விழுந்தது. பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அதையும் யாரோ நிறுத்தினார்கள்.

மணிமுத்து பரிமாறிக்கொண்டிருந்த வாளியோடு ஓடிவந்தான்.

“ஏட்டி! கிறுக்கு பிடிச்சிருக்கா ஒனக்கு? நல்ல நாளும் அதுவுமா... இப்பந்தான மைக்ல சரின்னு சொன்னே?”

“சரிதான்.”

“பின்ன எதுக்குக் கழட்டுனே? சொல்லு. வாயைத் தொறந்து சொல்லு.”

நாலு நாளாக வாய் ஓயாமல் சொன்னாள், அவன் கேட்கவில்லை. இப்போது கேட்கிறான், அவளால் சொல்ல முடியவில்லை. சொன்னால் அவனுக்கு எல்லாம் விளங்கிவிடும். தினமும் காலையில் தன் மகளைப் பரிகாசம் செய்தவர்களுக்குத்தான் சிரித்துக் கைகாட்டிவிட்டு வந்தோம் என்று விளங்கும். அதையே சிவப்பு எழுத்தில் அடித்துக் கட்டி, அவர்களையே வெற்றிலை பாக்கு வைக்காத குறையாக அழைத்துவந்து, மகள் கையில் மைக்கையும் கொடுத்தோம் என்று விளங்கும். அதற்குப் பிறகு இந்த மனுஷன் நிமிர்ந்து நடக்கமாட்டான். இதைத்தானே அந்தப் பிள்ளை இத்தனை நாளும் தனியாகத் தாங்கிக்கொண்டிருந்தது?

“எனக்குப் பிடிக்கல” என்றாள்.

“படிச்ச திமிரு” என்றார் நல்லகண்ணு, நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே. “நாலெழுத்து கூடப் படிச்சிட்டா புருசன் செய்யதெல்லாம் தப்பாத்தான் தெரியும்.” வாசுதேவநல்லூர்க்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நிவேதா வந்தாள். ஃபிளெக்ஸின் ஒரு முனையை எடுத்துக்கொண்டாள். மறுமுனையை சுகந்தி எடுத்தாள். ஈரம் சொட்டச் சொட்ட ரெண்டு பேருமாக மடித்தார்கள். முனைகள் சேர்ந்தபோது ரெண்டு பேர் முகமும் கிட்டத்தில் வந்தது.

“அப்பாட்ட சொல்லிராதம்மா” என்றாள் நிவேதா, உதடு அசையாமல்.

மணிமுத்து வாளியைக் கீழே வைத்தான். அவன் கண் கலங்கியிருந்தது. கோபத்தைவிட அவனுக்கு வருத்தம்தான் அதிகம் என்று பார்த்தாலே தெரிந்தது.

“எனக்குத் தெரியும் ஏன்னு. இங்கிலீஷ்ல பேரு வச்சேன், ஒன்னக் கேக்கல. எம்மவகிட்ட கேட்டு வச்சேன். அவ சொன்னதைத்தான் ஊரே கைதட்டுது, ஒன்ன யாரும் கேக்கல. பெத்த பிள்ளை மேலயே பொறாமை ஒனக்கு. அதான?”

எல்லாரும் சுகந்தியைப் பார்த்தார்கள். மடிப்புக்கு அந்தப் பக்கம் மகளின் கை அவள் விரலை இறுகப் பிடித்திருந்தது.

“ஆமா” என்றாள் சுகந்தி, கடைசிப் பந்திவரை கேட்கும்படி. “பொறாமைதான்.”